கம்பெனியை யாரோ வாங்கப் போகிறார்களாம், நகையை வைத்து இன்னும் ஷேர் வாங்கலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன், வயது 47. ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியின் ஷேர் 1,200 வைத்திருக்கிறேன். 16 மாதத்துக்கு முன் 130 ரூபாய்க்கு 800, ஒன்பது மாதத்துக்கு முன் 166 ரூபாய்க்கு 400. ரொம்ப நாள் 150-ஐச் சுற்றியே கிடந்தது, ஆறு வாரமாக ஏறி இப்போது 218. ஓர் அமெரிக்க ஃபண்டு கம்பெனியை வாங்கப் போகிறது, விலை 400 என்று ஒரு டெலிகிராம் குழுவில் தினமும் போடுகிறார்கள். மச்சானின் நண்பர் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறார். வெள்ளைக்காரர்கள் இரண்டு முறை ஆபீசுக்கு வந்துபோனதாக அவரும் சொல்கிறார். மனைவியின் நகையை வைத்து மூன்று லட்சம் எடுத்து இன்னும் வாங்கச் சொல்கிறார் மச்சான். ஜூனில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். விற்கவா, வைத்திருக்கவா, இன்னும் வாங்கவா? அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிடலாமா?

பதில்: சார், முதலில் நகை. அதை வைக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இது ஒன்றை மட்டும் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கம்பெனியின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள். இங்கே எடுத்துவிட்டேன். நான் பெயரைப் போட்டால் அந்தப் பேச்சைப் பரப்பும் ஆட்களில் நானும் ஒருவன் ஆகிவிடுவேன். ஆனால் கம்பெனி பங்குச் சந்தைக்குக் கொடுத்திருக்கும் ஆவணங்களை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மாதிரி பேச்சு ஏன் சின்ன டெக்னாலஜி கம்பெனிகளைச் சுற்றியே வருகிறது என்றால், அது நடக்கக்கூடிய விஷயம் என்பதால்தான். ஆரம்பித்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும், பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள், கம்பெனிக்குக் கடன் இருக்காது, இரண்டு மூன்று நல்ல வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருப்பார்கள், பெரிய கம்பெனியோ ஃபண்டோ வாங்குவதற்குத் தோதான அளவில் இருக்கும். உங்கள் கம்பெனிக்கும் இந்த ஜாதகம் அப்படியே பொருந்துகிறது. நம்பும்படியாக இருப்பதால்தான் இந்தக் கதையை வைத்து ஷேரை ஏற்றுவது சுலபமாகிறது.

2022-ல் நடந்ததைச் சொல்கிறேன். சாத்னா பிராட்காஸ்ட் என்ற சின்ன டிவி கம்பெனியை அதானி குழுமம் வாங்கப் போகிறது என்று யூடியூபில் வீடியோக்கள் வந்தன. அது பொய். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2023 மார்ச்சில் போட்ட உத்தரவைப் படித்தால் வயிறு கலங்கும். அந்த வீடியோக்கள் ஓடிய சமயத்தில் சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆக ஏறியிருக்கிறது. அவர்கள் முட்டி மோதி வாங்கிய அதே நேரத்தில், ஏறிய விலையில் விற்றவர்களில் புரமோட்டர்கள், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளிகள், சிலரும் இருந்தார்கள் என்கிறது செபி. அந்த ஐம்பதாயிரம் பேரில் உங்களைப் போல வாத்தியார்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

உங்கள் கம்பெனிக்கு வருகிறேன். ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் யாரிடம் எத்தனை சதவீதம் ஷேர் இருக்கிறது என்ற பட்டியலைக் கம்பெனி சந்தைக்குக் கொடுத்தாக வேண்டும். என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இரண்டின் தளத்திலும் ‘ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்’ என்று இருக்கும், காசு கொடுக்க வேண்டாம். கடைசி இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரமோட்டர் குடும்பத்தின் பங்கு 56 சதவீதத்திலிருந்து 54-க்கு இறங்கியிருக்கிறது. சந்தையிலேயே விற்றிருக்கிறார்கள். அதே காலாண்டில் சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

இதை நீங்களே யோசித்துப் பாருங்கள் சார். உங்கள் வீட்டை ஒருவர் 40 லட்சத்துக்கு வாங்கப் போகிறார், பேச்சு முடியும் நிலைக்கு வந்துவிட்டது என்றால், அதே வீட்டின் ஒரு அறையை இன்றைக்கு 20 லட்சம் கணக்கில் வேறு ஒருவருக்கு விற்பீர்களா? இன்னொன்று, அப்படிப் பேச்சு நிஜமாகவே நடந்துகொண்டிருந்தால் அந்தக் குடும்பம் சந்தையில் ஒரு ஷேர்கூட விற்கக் கூடாது. வெளியில் வராத, விலையைப் பாதிக்கிற தகவலைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது உள்ளாள் வர்த்தகம், குற்றம். அவர்கள் சட்டப்படி நடக்கிறவர்கள் என்று எடுத்துக்கொண்டால், விற்ற நாளில் அப்படி ஒரு பேச்சு இல்லை என்றுதான் அர்த்தம். சட்டத்தை மீறுகிறவர்கள் என்றால் அவர்களை நம்பி மூன்று லட்சம் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

மச்சானின் நண்பர் சொன்னதையும் இதே கண்ணால் பாருங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் உள்ள கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோவது சாதாரணம். நிஜமான பேரம் என்றால் அது கமுக்கமாக நடக்கும். ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, வக்கீலும் மெர்ச்சண்ட் பேங்கரும் கணக்கு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் குடைவார்கள். தகவல் யார் யாருக்குத் தெரியும் என்று பெயர் பெயராகக் கம்பெனி ஒரு பதிவேட்டில் ஏற்றி வைக்க வேண்டும். ஒருவேளை அந்த நண்பர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறவராகவே இருந்து, அவர் சொன்னது உண்மையாகவும் இருந்துவிட்டால்? அப்போது அதைக் கேட்டு வாங்குகிற நீங்களும் உள்ளாள்தான். செபி சட்டத்தின் 15ஜி பிரிவில் குறைந்தபட்ச அபராதமே பத்து லட்சம். மேல் வரம்பு 25 கோடி, அல்லது கிடைத்த லாபத்தைப் போல மூன்று மடங்கு, இதில் எது கூடுதலோ அது. ஆக, தகவல் பொய்யானால் பணம் போகும், நிஜமானால் சிறையையும் அபராதத்தையும் நினைத்துப் பயந்துகொண்டு இருக்க வேண்டும். பள்ளியில் வேலை பார்க்கிற ஒருவருக்கு இது எதற்கு?

‘பேச்சு பொய்யென்றால் கம்பெனியே மறுத்திருக்குமே’ என்று நீங்கள் கேட்கலாம். வதந்தியை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும் என்ற செபி விதி 2024 ஜூனில் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளுக்கும், டிசம்பரில் முதல் 250 கம்பெனிகளுக்கும் வந்தது. உங்கள் கம்பெனி அந்த வரிசையில் எங்கேயோ கடைசியில் இருக்கிறது, அதற்கு இந்தக் கட்டாயம் இல்லை. விலை திடீரென்று ஏறினால் சந்தை ஒரு கடிதம் எழுதிக் கேட்கும். உங்கள் கம்பெனியிடமும் போன மாதம் கேட்டிருக்கிறது. ‘வெளியிட வேண்டிய தகவல் எதுவும் எங்களிடம் நிலுவையில் இல்லை, விலை மாற்றம் முழுக்கச் சந்தையைப் பொறுத்தது’ என்று நாலு வரியில் பதில் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் அந்தக் கடிதத்தை யாராவது பகிர்ந்தார்களா என்று தேடிப் பாருங்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு பேச்சு நிஜமாகிவிட்டால் என்ன செய்வது, கையில் இருந்ததைக் கோட்டை விட்டதாக ஆகிவிடாதா? உங்கள் கடிதத்தில் எழுதாமலே எழுதியிருந்த பயம் இதுதான் என்று நினைக்கிறேன். இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் ஒரு லிஸ்டட் கம்பெனியில் 25 சதவீதமோ அதற்கு மேலோ வாங்க ஒருவர் ஒப்பந்தம் போட்டால், இல்லை கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தால், பொது முதலீட்டாளர்களிடமிருந்தும் குறைந்தது 26 சதவீதம் வாங்கிக்கொள்வதாக அவர் அறிவித்தாக வேண்டும். ஓப்பன் ஆஃபர் என்பது அதுதான். ஒப்பந்தம் போடும் அன்றைக்கே பொது அறிவிப்பு வந்துவிடும், விலையும் அதிலேயே இருக்கும். புரமோட்டருக்கு ஒப்பந்தத்தில் கொடுக்கும் விலையைவிடக் குறைவாக உங்களுக்குக் கொடுக்க முடியாது. கடைசி 60 வர்த்தக நாள்களின் சராசரி விலைக்கும் கீழே போக முடியாது, இன்னும் இரண்டு மூன்று கணக்குகளும் உண்டு, எது அதிகமோ அந்த விலைதான். அதன் பிறகு உங்களுக்கு விவரக் கடிதம் வரும், ஷேரை ஒப்படைக்கப் பத்து வேலை நாள்கள் இருக்கும். எல்லாம் முடிய இரண்டு மாதத்துக்கு மேலேயே ஆகும். அதாவது, நிஜமான கைமாற்றம் என்றால் தகவலும் விலையும் யோசிக்க நேரமும் சட்டப்படியே உங்கள் வீடு தேடி வரும். யாரோ முன்கூட்டியே காதில் சொல்ல வேண்டிய தேவை உங்களுக்குக் கிடையாது.

ஹெக்சாவேர் என்ற ஐ.டி. கம்பெனி நல்ல உதாரணம். அதன் புரமோட்டரான பேரிங் ஃபண்டு, கம்பெனியைச் சந்தையிலிருந்து எடுத்துவிடப் போவதாக 2020 ஜூனில் அறிவித்தது. அடிப்படை விலை, அதாவது கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச விலை, 265 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. செப்டம்பரில் முதலீட்டாளர்கள் கேட்ட விலைகளை வைத்து முடிவானது 475. அறிவிப்பு வந்த பிறகு மூன்று மாதம் இருந்தது. எந்த டிப்ஸும் இல்லாமல், கையில் இருந்ததை வெறுமனே வைத்திருந்தவருக்கும் அதே 475 கிடைத்தது.

ஆனால் எல்லாம் ஹெக்சாவேர் மாதிரி முடியாது. மைண்ட்ட்ரீ என்ற ஐ.டி. கம்பெனியை எல் அண்ட் டி வாங்கியபோது, 2019 மார்ச்சில், பேச்சு இரண்டு மாதமாகவே செய்தித்தாள்களில் அடிபட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் வந்த விலை 980. அன்றைய சந்தை விலையைவிட அது சொற்பமே கூடுதல், ஏனென்றால் எதிர்பார்ப்பு முழுவதும் விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஓப்பன் ஆஃபர் முடிந்து சில மாதங்களிலேயே ஷேர் 980-க்கு வெகு கீழே போய்விட்டது. 2022-ல் என்.டி.டி.வி.க்கு அதானி குழுமம் கொடுத்த ஓப்பன் ஆஃபர் 294 ரூபாய், அப்போது சந்தையில் விலை அதைவிட எவ்வளவோ மேலே. ஆஃபர் விலை என்றாலே சந்தை விலைக்கு மேல்தான் இருக்கும் என்று எந்த விதியும் இல்லை.

இன்னொரு கணக்கு, உங்கள் பாடம்தான். உங்கள் கம்பெனியில் புரமோட்டரிடம் 54 சதவீதம் இருக்கிறது, பொதுமக்களிடம் 46. ஆஃபர் 26 சதவீதத்துக்கு மட்டும் வருகிறது, எல்லோரும் ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 46-ல் 26 என்றால் உங்கள் 1,200-ல் ஏறக்குறைய 678 ஷேரைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மீதி 522 உங்கள் டீமேட் கணக்குக்கே திரும்பிவிடும், அதற்குப் பிறகு சந்தையில் என்ன விலையோ அதுதான். அப்புறம், 54-ம் 26-ம் சேர்ந்து 80 ஆகிவிட்டால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் 75-க்கு இறக்கியாக வேண்டும், அதுவும் சந்தைக்கு வருகிற சரக்கு. ‘400-க்கு வாங்கப் போகிறார்கள்’ என்று குழுவில் போடுகிறவர்கள் 1,200 ஷேரும் 400-க்குப் போகும் என்ற எண்ணத்தைத்தான் உண்டாக்குகிறார்கள்.

சில சமயம் ஷேருக்குக் கைமாற்றமே இருக்காது, கம்பெனி தன் தொழிலை மட்டும் விற்றுவிடும், பணம் கம்பெனிக்கு வரும். மெஜெஸ்கோ என்ற மும்பைக் கம்பெனி தன் அமெரிக்கத் துணை நிறுவனத்தை 2020-ல் தோமா பிராவோ என்ற ஃபண்டுக்கு விற்றது. வந்த பணத்தில் முதலில் 845 ரூபாய்க்கு பைபேக், அதாவது கம்பெனியே ஷேரைத் திரும்ப வாங்கிக்கொண்டது, பிறகு ஷேருக்கு 974 ரூபாய் டிவிடெண்ட். டிசம்பரில் டிவிடெண்டுக்கான நாள் கடந்ததும் 985 அளவில் இருந்த ஷேர் ஒரே காலையில் 12 ரூபாய்க்கு வந்தது, விவரம் தெரியாமல் ஆப்பைத் திறந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த 974 முழுவதும் அவரவர் வருமானத்தில் சேர்ந்து, வரி வரம்புக்கேற்ப வரி கட்ட வேண்டியதாயிற்று. முப்பது சதவீத வரம்பில் இருந்தவர் கையில் நின்றது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பணத்தைப் பகிர்ந்து கொடுத்ததால் அது நல்ல முடிவு. கொடுக்காமல் வேறு தொழிலில் போட்டிருந்தாலும் சிறு முதலீட்டாளரால் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி நான்கு காலாண்டு லாபத்தைக் கூட்டினால் உங்கள் கம்பெனி ஷேருக்கு 7 ரூபாய் சம்பாதிக்கிறது. 150-ல் அது 21 மடங்கு, சுமாரான விலை. 218-ல் 31 மடங்கு. 400 என்றால் 57 மடங்கு. வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்று ஆண்டறிக்கையில் அவர்களே எழுதியிருக்கும் கம்பெனிக்கு, கணக்கைக் குடைந்து பார்க்கிற ஃபண்டு 57 மடங்கு கொடுக்கும் என்று நான் நம்பவில்லை. நிஜமாகவே வாங்க வருகிறவருக்கு இந்த மாதிரி பேச்சு எரிச்சலைத்தான் தரும். ஆறு வாரம் ஏறிய விலை 60 நாள் சராசரியை உயர்த்திவிடும், அவர் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையும் கூடவே ஏறும்.

நகைக்கடன் மூன்று லட்சத்துக்கு 218-ல் 1,376 ஷேர் கிடைக்கும். பேச்சு அடங்கினால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு தரகு அலுவலகத்தில் இருந்தபோது, ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர் இதே போன்ற பேச்சை நம்பி ஒரு சின்ன கம்பெனியில் பி.எஃப். பணத்தைப் போட்டிருந்தார். மறுப்பு வந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். 9.15-க்குத் திரை ஓடத் தொடங்கியது. விற்பவர் பக்கம் நான்கு லட்சத்துக்கு மேல் ஷேர் நிற்கிறது, வாங்குபவர் பக்கம் பூஜ்யம். லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி வரம்பு. அவருடைய ஆர்டரும் அந்த நான்கு லட்சத்துக்குப் பின்னால் போய் நின்றது. மாலை மூன்றரை வரை இருந்தார், டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். விலை குறைந்தால் விற்றுவிடலாம் என்று நினைக்கிறோமே, விற்கவே வழியில்லாமல் விலை குறையும் என்பதை அந்த மூன்று நாளில்தான் நான் கற்றுக்கொண்டேன். அவரை முதல் நாளே தடுக்க வேண்டிய இடத்தில் இருந்த நான் தடுக்கவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் ஷேருக்கும் தினசரி வரம்பு ஐந்து சதவீதம்தான். பத்து நாள் தொடர்ந்து லோயர் சர்க்யூட் விழுந்தால் 218 எங்கே வரும் தெரியுமா? 130. நீங்கள் முதலில் வாங்கிய விலை. அந்த 1,376 ஷேரில் மட்டும் 1,20,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும், நகைக்கடன் வட்டி தனி.

இனி என்ன செய்ய வேண்டும் என்பது. 800 ஷேரை விற்றுவிடுங்கள். காரணம் உங்கள் மகளின் கட்டணம், அந்தப் பணம் ஜூன் வரைக்கும் ஷேரில் இருக்கவே கூடாது. இன்றைய விலையில் 1,74,400 வரும். டீமேட்டில் முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்கு, அதனால் 130-க்கு வாங்கிய அந்த 800 தான் போகும். ஒரு வருடம் தாண்டிவிட்டது, லாபம் 70,400. நீண்டகால லாபத்தில் வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி இல்லை, இந்த வருடம் வேறு எதையும் லாபத்தில் விற்கவில்லை என்றால் உங்களுக்கு வரி வராது. ஒரே ஆர்டராகப் போடாதீர்கள், கிடைத்த விலைக்கு விற்றுவிடும் மார்க்கெட் ஆர்டரும் வேண்டாம். வியாபாரம் நன்றாக நடக்கும் நாளில் நூறு நூறாக, இதற்குக் குறைந்து விற்கக் கூடாது என்று லிமிட் விலை போட்டு, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். பணத்தை எஃப்.டி.யில் போடுங்கள்.

மீதி 400. அசலை எடுத்துவிட்டோம், இனி இருப்பது சும்மா கிடைத்தது என்று சிலர் சொல்வார்கள். அப்படி நினைக்காதீர்கள், அது இன்றைய விலையில் உங்களுடைய 87,200 ரூபாய். வாங்குகிறவர் வரவே மாட்டார், விலை மறுபடி 150-க்கு வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் இந்தக் கம்பெனியை இரண்டு மூன்று வருடம் வைத்திருக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் வையுங்கள், எனக்கு மறுப்பு இல்லை, கடன் இல்லாத கம்பெனி, மோசமான தொழில் கிடையாது. வரவில்லை என்றால் அதையும் விற்றுவிடலாம். இது 166-க்கு வாங்கி ஒன்பது மாதமே ஆனது, இப்போது விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி, அதாவது நாலாயிரத்துச் சொச்சம். அந்த நாலாயிரத்தை மிச்சம் பிடிக்க மூன்று மாதம் காத்திருப்பதா என்பது உங்கள் முடிவு, நானாக இருந்தால் காத்திருக்க மாட்டேன்.

நாளைக்கே நிஜமான அறிவிப்பு வந்து, விற்றபின் விலை ஏறினால் மனசு வலிக்கும். மச்சானும் சொல்லிக் காட்டுவார். அப்போதும் 400 ஷேர் கையில் இருக்கும், கட்டணப் பணம் வங்கியில் இருக்கும், நகை வீட்டில் இருக்கும். மச்சான்மேல் கோபப்பட வேண்டாம், அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அவரும் இதே ஷேரை வைத்திருக்கிறார் என்றால் இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். அவருடைய நண்பரிடம் இதைப் பற்றி இனி எதுவும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அந்தப் பையனின் வேலைக்கே ஆபத்து.

கடைசியாகக் கேட்டீர்களே, குழுவிலிருந்து வெளியே வரலாமா என்று. வந்துவிடுங்கள். அதற்கு முன் ‘விலை 400, உறுதியான தகவல்’ என்று போட்ட பதிவுகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் போட்டது, அட்மின் யார் என்பதும் தெரிகிற மாதிரி. செபி தளத்தில் புகார் கொடுக்க அவை வேண்டும். கம்பெனியின் பெயர் என்னிடம் இருப்பதால் நானும் தனியாக ஒரு புகார் அனுப்புகிறேன்.